பரவிய பெருங்குடல் புற்றுநோய்: மரபணுச் சோதனை திசுவிலா, ரத்தத்திலா?

கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்கு மருந்தை முடிவு செய்யும் முன் மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். இதில் இன்று டாக்டர்களிடையே இரண்டு கருத்து கிடையாது. குடும்பங்கள் தடுமாறுவது அதற்கு அடுத்த படியில்தான். ஆபரேஷனிலோ பயாப்ஸியிலோ எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசு பிளாக்கை லேபுக்கு அனுப்பச் சொல்கிறார் ஒரு டாக்டர். ரத்தம் எடுத்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். ரத்தம்தான் என்று முடிவானாலும், நாலைந்து ஜீனை மட்டும் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு ஒரு விலை. எழுபதிலிருந்து முந்நூறு ஜீன் வரை பார்க்கும் பேனலுக்கு அதைப்போலப் பல மடங்கு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதன்முறையாகச் சிகிச்சை தொடங்கும்போது திசுதான் அடிப்படை. ஒரு சுற்றுச் சிகிச்சைக்குப் பிறகு நோய் மறுபடி வளரும்போது ரத்தம்தான் உண்மை நிலவரத்தைச் சொல்லும். விதிவிலக்குகள் உண்டு. அவற்றில்தான் பணமும் நாளும் வீணாகின்றன.

இங்கே ரத்தச் சோதனை என்று சொல்வது, சாகும் புற்றுச் செல்கள் ரத்தத்தில் விடும் டிஎன்ஏ துண்டுகளைப் பார்க்கும் சோதனை. சிஇஏ அளவு பார்ப்பது வேறு. அது புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம். லிஞ்ச் நோய்க்குறி போன்ற பரம்பரைக் கோளாறைப் பார்க்கும் சோதனையும் வேறு. அது உடலின் இயல்பான செல்களில் உள்ள டிஎன்ஏவைப் பார்க்கிறது. மூன்றுக்கும் கையில்தான் ஊசி போடுவார்கள் என்பதால், ஒன்றைச் செய்துவிட்டு மற்றது முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், மருந்தை மாற்றக்கூடிய விடை கிடைக்குமா என்பது. தேவையான விடைகள் இவை: கேராஸ், என்ராஸ் ஜீன்களின் (சேர்த்து ராஸ் என்பார்கள்) 2, 3, 4ஆம் எக்ஸான்கள் என்ற பகுதிகள், பிராஃப் ஜீனில் வி600இ என்ற மாற்றம், எம்எஸ்ஐ நிலை (செல்லின் டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்டிருக்கிறதா என்பது), ஹெர்2 ஜீனின் பெருக்கம். பரவிய நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ராஸ் மாற்றம் இருக்கும். அவர்களுக்கு, புற்றுச் செல்லின் ஈஜிஎஃப்ஆர் புரதத்தைத் தடுக்கும் செடுக்ஸிமாப், பனிடுமுமாப் ஆன்டிபாடி மருந்துகளைக் கீமோவோடு சேர்த்துப் போட்டால் பயன் இல்லை. தோலில் வெடிப்பு, மெக்னீசியம் குறைவு, பெரும் செலவு இவைதான் மிச்சம். எம்எஸ்ஐ அதிகமாக இருப்பவர்கள் 100க்கு 5 பேர்தான். ஆனால் அவர்களுக்கு முதல் மருந்தே மாறிவிடும்: கீநோட்-177 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பெற்றவர்களுக்கு நோய் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 16.5 மாதம், கீமோ பெற்றவர்களுக்கு 8.2 மாதம். பிராஃப் வி600இ சுமார் 8 முதல் 10 சதவீதம் பேரிடமும், ஹெர்2 பெருக்கம் 2 முதல் 3 சதவீதம் பேரிடமும் இருக்கும். கேராஸ் ஜி12சி மாற்றத்துக்கும் இப்போது தனி மருந்து உண்டு.

இரண்டாவது, "இல்லை" என்ற விடையை எவ்வளவு நம்பலாம் என்பது. செடுக்ஸிமாப் போடலாம் என்ற முடிவு "ராஸ் மாற்றம் இல்லை" என்ற விடையின் மேல்தான் நிற்கிறது. அந்த "இல்லை" பொய்யானால் நோயாளி இரண்டு மூன்று மாதத்தை இழக்கிறார். எல்லா அளவுகோலிலும் கனமானது இதுதான். ஆனாலும் விலைப் பட்டியலில் இது எங்கும் இருக்காது.

மூன்றாவது, விடை எத்தனை நாளில் வரும். நான்காவது, மாதிரி வழியில் கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு. ஐந்தாவது, பில்லில் தெரியாத செலவு.

| | திசு பிளாக் | ரத்தம்: பிசிஆர் | ரத்தம்: பெரிய பேனல் |
|---|---|---|---|
| எதைப் பார்க்கும் | எல்லாம். எம்எஸ்ஐ, ஹெர்2 மலிவாக | குறிப்பிட்ட சில மாற்றங்கள் | எல்லாம், எதிர்பாராதவையும் |
| "இல்லை" என்ற விடை | திசு போதுமானால் நம்பலாம் | தனியாக நம்ப முடியாது | பிற புற்று மாற்றங்கள் தெரிந்தால் நம்பலாம் |
| சிகிச்சையில் புதிதாக முளைத்த மாற்றம் | பழைய பிளாக்கில் தெரியாது | தேடியது மட்டும் தெரியும் | தெரியும் |
| எங்கே கெடும் | ஃபார்மலின், குறைந்த புற்றுச் செல்கள் | குழாய், வெப்பம், தாமதம் | அதேதான். ரத்தச் செல் மாற்றங்களின் குழப்பமும் |
| திரும்பச் செய்வது | கடினம் | எளிது | எளிது, செலவு அதிகம் |

## திசு பிளாக்

பெரும்பாலான நோயாளிகளுக்குக் குடல் கட்டியின் பயாப்ஸி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது; பிளாக் மருத்துவமனையில் இருக்கிறது. ராஸ் மாற்றங்கள் கட்டி உருவாகும் ஆரம்பத்திலேயே வந்துவிடுவதால், குடலில் உள்ள கட்டியும் கல்லீரலில் உள்ள கட்டியும் இந்த விஷயத்தில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே முதல் முறைக்குக் குடல் பயாப்ஸியே போதும். கல்லீரலில் இன்னொரு ஊசி வேண்டியதில்லை.

திசுவுக்கு மட்டுமே உள்ள ஒரு வசதி, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்கள் நான்கையும் (எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6) சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தே எம்எஸ்ஐ நிலையை அறிந்துவிடலாம். ஓரளவு பெரிய பேதாலஜி லேப் எதிலும் சில நாளில் முடியும், செலவும் குறைவு. எம்எஸ்ஐக்காக மட்டும் ரத்தப் பேனலுக்குப் பணம் கட்டுவது வீண்.

கெடுவது எங்கே? திசு 10 சதவீத பஃபர் சேர்த்த ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வரை இருக்க வேண்டும். சனிக்கிழமை எடுத்த பெரிய துண்டு, திறந்து வெட்டப்படாமல், செவ்வாய்வரை ஃபார்மலினில் கிடந்தால் உள்ளே அழுகலும் வெளியே டிஎன்ஏ சிதைவும் நடக்கும். பழைய பிளாக்கில் டிஎன்ஏ துண்டு துண்டாகி, சி இருந்த இடத்தில் டி இருப்பதுபோலப் பொய் மாற்றங்கள் தெரியும். மலக்குடல் புற்றில் இன்னொரு பொறி உண்டு. கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்த பிறகு வெட்டி எடுத்த துண்டில் புற்றுச் செல் மிகக் குறைவாக இருக்கும். அதை அனுப்பினால் "போதவில்லை" என்று திரும்பி வரும். அதைவிட மோசம், "மாற்றம் இல்லை" என்று வரும். சிகிச்சைக்கு முன் கொலனோஸ்கோப்பியில் எடுத்த சின்னத் துண்டையே அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் புற்றுச் செல் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். 20க்குக் கீழ் இருந்தால், எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு நாட்கள்தான். ஒரு மருத்துவமனையில் பயாப்ஸி, இன்னொன்றில் சிகிச்சை என்றால் பிளாக்கைக் கேட்டு வாங்கி, ஸ்லைடு வெட்டி, கூரியரில் அனுப்பி, விடை வாங்க மூன்று நான்கு வாரம் ஓடிவிடும். ஜப்பானில் இரைப்பை, குடல் புற்று நோயாளிகளைப் புதிய மருந்து ஆய்வுகளில் சேர்க்க நடந்த கோசிலா திட்டத்தில், ரத்தப் பேனல் செய்த 1,687 பேரையும் திசுவில் செய்த 5,621 பேரையும் ஒப்பிட்டார்கள். சோதனைக்கு ஆன இடைநிலைக் காலம் ரத்தத்தில் 11 நாள், திசுவில் 33 நாள். ஆய்வில் சேர முடிந்தவர்கள் 9.5 சதவீதம், 4.1 சதவீதம். மருந்தின் பலன் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. நாள் என்பது நோயாளிக்கு என்ன என்று இந்தக் கணக்கு காட்டிவிடும்.

## ரத்தத்தில் பிசிஆர்

டிஜிட்டல் பிசிஆர், பீமிங் போன்ற முறைகள் முன்கூட்டியே தீர்மானித்த சில மாற்றங்களை மட்டும் தேடும். தேடுவதைக் கூர்மையாகத் தேடும். ஆயிரத்தில் ஒரு துண்டு இருந்தாலும் பிடித்துவிடும். கார்ட்ரிட்ஜ் வகை இயந்திரங்களில் 1 மில்லி பிளாஸ்மாவை (ரத்தச் செல்களை நீக்கிய நீர்ப்பகுதி) ஊற்றினால் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் விடை.

"கேராஸ் ஜி12டி உள்ளது" என்று வந்தால் வேலை முடிந்தது: செடுக்ஸிமாப் வேண்டாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தால்தான் சிக்கல். ராஸ் மாற்றம் உண்மையிலேயே இல்லையா, அல்லது குழாய்க்குள் புற்று டிஎன்ஏவே வரவில்லையா? இந்த முறையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 10 மில்லி ரத்தத்தில் சுமார் 4 மில்லி பிளாஸ்மா கிடைக்கும். மில்லிக்கு 5 நானோகிராம் டிஎன்ஏ என்று வைத்தால் மொத்தம் 20 நானோகிராம். 1 நானோகிராமில் சுமார் 300 மரபணுப் பிரதிகள். ஆக 6,000 பிரதிகள். புற்றின் பங்கு 0.1 சதவீதம் என்றால் குழாயில் இருப்பது 6 துண்டு. 0.01 சதவீதம் என்றால் ஒரு துண்டுகூட இல்லாமல் போகலாம். மெஷின் எவ்வளவு கூர்மையானாலும் குழாயில் இல்லாததைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு குழாய் கேட்கும் லேப் உங்களைச் சிரமப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை.

பிரான்சில் நடந்த ராசாங்க் ஆய்வு இதை நேரடியாக அளந்தது. 412 நோயாளிகளில் திசு விடையும் ரத்த விடையும் 85.2 சதவீதம் ஒத்துப்போயின. ரத்தத்தில் புற்று டிஎன்ஏ இருப்பது வேறு வழியில் உறுதியான 329 பேரை மட்டும் எடுத்தபோது அது 94.8 சதவீதமாக ஏறியது. விடை தெளிவில்லாமல் போனவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது, கல்லீரலில் பரவல் இல்லாததுதான். கல்லீரல் கட்டிகள் ரத்தத்தில் டிஎன்ஏவைத் தாராளமாக விடும். வயிற்று உறையில் மட்டுமோ நுரையீரலில் மட்டுமோ பரவிய நோய், கொஞ்சமாகத்தான் விடும். வயிற்று உறையில் மட்டும் பரவியவருக்குப் பிசிஆர் ரத்தச் சோதனையில் "இல்லை" என்று வந்தால், அதை வைத்து மருந்து தொடங்கக் கூடாது.

## ரத்தத்தில் பெரிய பேனல்

கார்டன்ட்360 சிடிஎக்ஸ், ஃபவுண்டேஷன்ஒன் லிக்விட் சிடிஎக்ஸ் இரண்டுக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2020 ஆகஸ்ட்டில் ஒப்புதல் தந்தது. இவற்றைப் போன்ற பேனல்கள் டஜன் கணக்கில் ஜீன்களை ஒரே ஓட்டத்தில் வரிசைப்படுத்துகின்றன. நிறைய ஜீன் என்பதல்ல இவற்றின் உண்மையான பலம். பெருங்குடல் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் ஏபிசி, டிபி53 ஜீன்களில் மாற்றம் இருக்கும். அவை பேனலில் தெரிந்தால் குழாயில் புற்று டிஎன்ஏ வந்திருக்கிறது என்று பொருள். அப்போது "ராஸ் இல்லை" என்பதை நம்பலாம்.

இரண்டு ரிப்போர்ட்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவதில் (சதவீதம் என்பது அந்த ஜீனின் துண்டுகளில் மாற்றம் உள்ளவற்றின் பங்கு): ஏபிசி 22 சதவீதம், டிபி53 18 சதவீதம், ராஸ் இல்லை, பிராஃப் இல்லை. இது உறுதியான "இல்லை". இரண்டாவதில்: டிஎன்எம்டி3ஏ 1.2 சதவீதம் மட்டும், வேறெதுவும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இங்கும் ராஸ் இல்லை. ஆனால் டிஎன்எம்டி3ஏ, டெட்2, ஏஎஸ்எக்ஸ்எல்1 ஜீன்களின் மாற்றங்கள் பெரும்பாலும் வயதானவர்களின் ரத்தச் செல்களில் தாமாக உண்டாகிப் பெருகுபவை. குடல் கட்டியோடு தொடர்பில்லை. அதாவது இந்தக் குழாயில் புற்று டிஎன்ஏ இருந்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை. இதை "ராஸ் மாற்றம் இல்லாதவர்" என்று எடுத்துக்கொள்வது ஆபத்தான தவறு. சரியான வாசிப்பு: "விடை கிடைக்கவில்லை, திசுவுக்குப் போங்கள்".

இன்னொரு வகை: டிபி53 20 சதவீதம், கேராஸ் 0.3 சதவீதம். கட்டியின் பெரும்பகுதியில் கேராஸ் மாற்றம் இல்லை, ஒரு சிறு கூட்டத்தில் மட்டும் இருக்கிறது. ஏற்கெனவே செடுக்ஸிமாப் பெற்றவரிடம் இது வழக்கமாக வரும் காட்சி. அந்த மருந்தின் அழுத்தத்தில் புதிய ராஸ் மாற்றமுள்ள செல்கள் முளைப்பதையும், அதை ரத்தத்தில் பார்க்க முடிவதையும் 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மருந்தை நிறுத்தினால் அந்தச் செல்கள் மெல்லத் தேய்கின்றன. ரத்தத்தில் அவற்றின் அளவு பாதியாகக் குறைய சுமார் 4 மாதம் ஆகும். இதனால்தான் சில மாதம் இடைவெளி விட்டு அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இத்தாலியின் குரோனோஸ் ஆய்வு, இந்த மறுபயன்பாட்டுக்கு முன் ரத்தத்தைச் சோதித்தது. 52 பேரில் 16 பேரிடம் மருந்தை எதிர்க்கும் மாற்றங்கள் இருந்தன. அவர்களுக்கு வீண் மருந்து தவிர்க்கப்பட்டது. மாற்றம் இல்லாதவர்களில் 27 பேர் பனிடுமுமாப் பெற்றார்கள்; 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. பல மருந்துகள் பார்த்துவிட்ட நோயாளிகளிடம் 30 சதவீதம் என்பது சிறிய எண் அல்ல. இந்தக் கேள்விக்குப் பழைய பிளாக் எந்த விடையும் தராது.

முதல் சிகிச்சையிலும் பேனல் கூடுதலாகச் சொல்வது உண்டு. ஜப்பானின் பாரடைம் ஆய்வில், திசுவில் ராஸ் மாற்றம் இல்லை என்று வந்த 733 பேரின் சிகிச்சைக்கு முந்தைய ரத்தத்தைப் பேனலில் பார்த்தார்கள். எதிர்ப்பு மாற்றம் எதுவும் தெரியாதவர்களில் பனிடுமுமாப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 40.7 மாதம், கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிசுமாப் பெற்றவர்களுக்கு 34.4. ஏதேனும் ஒரு மாற்றம் தெரிந்தவர்களில் முறையே 19.2, 22.2. பணம் இருந்தால் இரண்டையும் செய்வதற்கு இது நியாயமான காரணம். இல்லாதவர்கள் திசுவோடு நிற்பதில் தவறில்லை.

மறைமுகச் செலவுகள் பேனலில்தான் அதிகம். மருந்தே இல்லாத மாற்றங்களின் பட்டியல் குடும்பத்தைக் கலங்கவைக்கும். ஒரு ஜீன் மாற்றம் 50 சதவீதத்தை ஒட்டித் தெரிந்தால் அது பரம்பரையாக இருக்கலாம். தனிச் சோதனை, மரபணு ஆலோசனை, பிள்ளைகளுக்குச் சோதனை என்று நீளும். ஹெர்2 பெருக்கம், எம்எஸ்ஐ இரண்டும் புற்று டிஎன்ஏ குறைவாக உள்ள குழாயில் தப்பிவிடும்.

## புதிதாக ஒரு பயாப்ஸி

கல்லீரலில் மறுபடி ஊசி போடுவது, ரத்தப் பேனல் விடை தராதபோதும், கட்டியின் தன்மையே மாறியதோ என்ற சந்தேகம் வரும்போதும் மட்டும். ஒரு கட்டியில் குத்திய ஊசி அந்தக் கட்டியைப் பற்றி மட்டும் சொல்லும். ரத்தம் எல்லாக் கட்டிகளின் கலவையையும் சொல்லும்.

## ரத்தம் எடுக்கும்போது

ரத்தச் சோதனைகள் தோற்பது பெரும்பாலும் மெஷினில் அல்ல, வார்டில்.

எப்போது: கீமோவின் முதல் டோஸ் ஏறும் முன். முதல் இரண்டு வாரத்திலேயே புற்று டிஎன்ஏ வெகுவாக விழுந்துவிடும். அப்போது எடுத்த குழாய் பொய்யான "இல்லை" தரும். மறுமுறை என்றால், ஸ்கேனில் நோய் வளர்வது தெரிந்த பிறகு, அடுத்த மருந்து தொடங்கும் முன். பெரிய ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்கு எடுக்க வேண்டாம். காயம் ஆறும் செல்களின் டிஎன்ஏ வெள்ளமாக வந்து புற்றின் துண்டுகளை மூழ்கடித்துவிடும்.

எந்தக் குழாய்: வெள்ளணுக்கள் உடையாமல் காக்கும் பதப்பொருள் உள்ள தனிக் குழாய். அது இல்லாமல் சாதாரண ஈடிடிஏ குழாய் என்றால் சில மணி நேரத்துக்குள், 4 மணியைத் தாண்டாமல், பிளாஸ்மா பிரித்தாக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சைக் குழாய் கூடவே கூடாது. ஹெப்பாரின் பிசிஆரை முடக்கும். கீமோ போர்ட்டில் எடுத்தால் ஹெப்பாரின் கலந்த முதல் ரத்தத்தைக் கொட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

எடுத்த பிறகு: கோடு வரை நிரப்பி, குலுக்காமல் 8 முதல் 10 முறை மெல்லத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, ஐஸில் அனுப்பக் கூடாது. லேபிளில் போட்டிருக்கும் வெப்ப வரம்பைப் பாருங்கள். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதக் கூரியர் வண்டிக்குள் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். வெப்பம் தடுக்கும் பெட்டி கேளுங்கள்; வெள்ளிக்கிழமை மாலை அனுப்பாதீர்கள்.

பிளாஸ்மா பிரிக்கும்போது: 1,600 ஜியில் (புவியீர்ப்பைப்போல 1,600 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றி, வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் மேலே அரை மில்லி விட்டு எடுத்து, மறுபடி 16,000 ஜியில் 10 நிமிடம். சேமிப்பு மைனஸ் 80 டிகிரியில். நல்ல மாதிரியில் டிஎன்ஏ துண்டுகள் 167 எழுத்து நீளத்தைச் சுற்றிக் குவிந்திருக்கும். ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ளவை நிறையத் தெரிந்தால் வெள்ளணு உடைந்து கலந்துவிட்டது, வேறு மாதிரி கேட்க வேண்டும்.

## யாருக்கு எது

புதிதாகக் கண்டறிந்தவர், நல்ல பிளாக் கையில் இருக்கிறது: திசு. விடைக்காகக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் சுற்றைக் கீமோ மட்டும் கொடுத்துத் தொடங்கி, விடை வந்ததும் இரண்டாவது சுற்றில் ஆன்டிபாடி சேர்ப்பது நடைமுறையில் உள்ளதுதான். எம்எஸ்ஐ விடை மட்டும் அதற்கு முன் வந்துவிட வேண்டும். நான்கு புரதச் சாயத்தில் சில நாளில் வந்துவிடும்.

பிளாக் தீர்ந்துவிட்டது, அல்லது வேறு ஊரில் சிக்கிக்கிடக்கிறது. கல்லீரலில் பரவல் உண்டு. ஆள் வேகமாகத் தளர்கிறார்: ரத்தம், முடிந்தால் பேனல். பேனலுக்கு வழியில்லை என்றால் பிசிஆர். அதில் "உள்ளது" என்று வந்தால் முடிவெடுங்கள்; "இல்லை" என்று வந்தால் திசுவுக்குக் காத்திருங்கள்.

செடுக்ஸிமாப் அல்லது பனிடுமுமாப் ஒருமுறை பலன் தந்து பின் தோற்றது, நிறுத்திச் சில மாதம் ஆயிற்று, மறுபடி போடலாமா என்ற கேள்வி: ரத்தப் பேனல். ராஸ், பிராஃப் மட்டுமல்லாமல் ஈஜிஎஃப்ஆர் புரதத்தின் செல்லுக்கு வெளியே உள்ள பகுதியைப் பாதிக்கும் மாற்றங்களும் அதில் இருக்க வேண்டும்.

வயிற்று உறையிலோ நுரையீரலிலோ மட்டும் பரவிய சிறிய நோய்: திசு. ரத்தத்துக்குச் செலவழிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

முன்பு ராஸ் மாற்றம் இருந்தவருக்கு இப்போது ரத்தத்தில் தெரியவில்லை என்று செடுக்ஸிமாப் யோசித்தால் நிதானம் வேண்டும். புற்று டிஎன்ஏ குறைந்திருப்பதால் மட்டும் அப்படித் தெரியலாம். ஏபிசி, டிபி53 மாற்றங்கள் அதே குழாயில் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பணம் கட்டும் முன் லேபிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த ஜீன், எந்த எக்ஸான்கள் பார்க்கப்படும்? மாதிரி கெட்டால் மறு குழாய்க்குத் தனிக் கட்டணமா? புற்று டிஎன்ஏ இருந்ததா இல்லையா என்பதை ரிப்போர்ட்டில் எழுதுவீர்களா? வெள்ளணு டிஎன்ஏவையும் சேர்த்துச் சோதித்து ரத்தச் செல் மாற்றங்களை நீக்குவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் தராத லேபுக்கு மாதிரியை அனுப்ப வேண்டாம்.